உப்பு ஏத்துன வண்டி

பழைய வேன் ஒண்ணு பாக்கீங்களா? முறுக்கு, சேவு யாவாரத்துக்கா? அப்படின்னா இங்கன உக்காருங்க அண்ணாச்சி. சரியான ஆளுகிட்டதான் வந்து மாட்டியிருக்கீங்க. ரயில்வே கேட்ட இப்பத்தான் போட்டிருக்கான். ரெண்டு ரயில் கிராஸிங், கால் மணி நேரத்துக்குக் குறையாதுன்னு கேட்கீப்பரே சொல்லிட்டாரு. பைக்க நிழல்ல விட்டுட்டு ஒரு டீ சொல்லுங்க. எனக்கும் சேத்தே சொல்லுங்க, சீனி கம்மியா.

அந்தா, புளியமரத்துக்கு அடியில நிக்கி பாருங்க வெள்ள வேன், அது நம்மளுதுதான். ‘குத்தாலிங்கம் மணவறை அலங்காரம்’னு பக்கத்துல எழுதியிருக்குல்லா, அந்தக் குத்தாலிங்கம் நான்தான். எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, நான்தான் ஆஃப் பண்ணல. பேட்டரி கொஞ்சம் மக்கர். ஒருதரம் நிறுத்திட்டா நாலு ஆளு தள்ளணும், இந்த வெயில்ல நாலு ஆளுக்கு எங்க போக? அதோட பின்னாடி எம் மக படுத்திருக்கா. வடிவு. ஏழு மாசம். காலையிலதான் அவ மாமியார் வீட்ல வளைகாப்பு முடிஞ்சுது. தலைப்பிரசவம்லா, நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இப்ப நல்லா உறங்குதா. ராத்திரியெல்லாம் உறவுக்காரச் சனம் அவளக் கண்ண மூட விட்டிருக்காது. உறங்கட்டும்.

சரி, வேனுக்கு வாரேன். எல்லாவனும் உங்ககிட்ட என்ன சொல்லுவான்? எஞ்சினப் பாரு, டயரப் பாரு, மீட்டர்ல எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்கு பாருன்னுவான். மீட்டரத் திருப்பி வைக்க ஊருக்கு ரெண்டு பேரு இருக்கான் அண்ணாச்சி. கெட்டியா ஆயில ஊத்தி எஞ்சின் சத்தத்த ஒரு வாரத்துக்கு அமுக்கி வைக்கவும் ஆளு இருக்கு. அதெல்லாம் ஒரு பார்வையா? வண்டி எப்படி ஓடுச்சுன்னு பாக்காதீங்க. அது என்னத்தச் சுமந்துச்சுன்னு பாருங்க. யாரு வச்சிருந்தான், அவன் கை எப்படி, அவன் வீட்ல வெள்ளிக்கிழம விளக்கு ஏத்துதாங்களா, அதப் பாருங்க. மத்தது பூராவும் தகரம்.

பதினெட்டு வருஷமா மணவறை கட்டுதேன். தென்காசியச் சுத்தி நான் பூ வைக்காத மண்டபம் கிடையாது. அத்தன வருஷமும் வாடகை டெம்போதான். ஒருதரம் சுரண்டையில ஒரு கல்யாணம், முந்தின நாள் வெங்காயம் ஏத்தின டெம்போவ அனுப்பிட்டான் பாவி. நாப்பது கிலோ மல்லியும் வெங்காய நாத்தம். பொண்ணோட அப்பா என்னைய மண்டபத்து வாசல்லயே நிப்பாட்டி, பந்தி பூராவும் கேக்க ஏசினாரு. அன்னைக்கு வைராக்கியம் வச்சேன். சொந்த வண்டி வாங்கணும், அதுல பூவத் தவிர எதையும் ஏத்தக்கூடாது. இன்னொண்ணும் மனசுக்குள்ள வச்சிருந்தேன், எம் மகளத் தலைப்பிரசவத்துக்கு என் வண்டியிலதான் கூட்டிட்டு வரணும்னு. சொன்னா சிரிப்பீங்க, அப்ப அவளுக்கு மாப்பிள்ளையே பாக்கல.

மார்கழி கழிஞ்சுது. தை முதல் முகூர்த்தத்துக்குள்ள வண்டி வேணும்னு தேடினேன். கூடவே ராயப்பன்னு ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போனேன். பழக்கமான ஆளுதான், தொழில் தெரிஞ்சவருதான், இல்லைன்னு சொல்லல. ஆனா வேதக்காரரு, சர்ச்சுக்குப் போற ஆளு. நம்ம சகுனம், நம்ம நேரம் காலம், அதெல்லாம் அவருக்கு எங்க பிடிபடும்? மூணு வண்டி பாத்தோம்.

முதல் வண்டி கடையநல்லூர்ல. நம்பரக் கூட்டிப் பாத்தேன், எட்டு வந்துச்சு. நான் கிட்டயே போகல. ராயப்பன் போயி பானட்டத் திறந்துக்கிட்டு நிக்காரு, நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு வாங்க போவோம்னு கையக் காட்டுதேன். மனுசன் முகம் ஒரு மாதிரியாப் போச்சு.

ரெண்டாவது வண்டி, அம்பாசமுத்திரம். அதையும் சொல்லணும், நீங்களும் ஏமாந்துரக்கூடாதுல்லா. பாத்தீங்கன்னா புது வண்டின்னுதான் சொல்லுவீங்க. அடியில ஒரு துரு கிடையாது. நாலு சன்னலும் கண்ணாடி எறங்கி ஏறுது, உள்ள தரை பூராவும் கெட்டித் தகடு. ராயப்பன் அடியில படுத்து, அரை மணி நேரம் பாத்துட்டு எந்திச்சு, கண்ண மூடிட்டு எடுத்துக்கிடுங்கன்னாரு. எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. அப்ப வண்டிக்காரரு சொன்னாரு, நல்ல மனுசன், மறைக்கல. ஏழெட்டு வருஷமாப் பிரேதம் ஏத்தின வண்டியாம். ஆஸ்பத்திரியில இருந்து இல்லாத சனத்தோட பிரேதத்தத் தர்மத்துக்குக் கொண்டு போயி வீட்ல விடுவாராம். அதனாலதான் வண்டிய அவ்வளவு சுத்தமா வச்சிருந்தாரு போல.

எனக்கு உள்ளங்கால்ல இருந்து குளிர் ஏறிட்டு அண்ணாச்சி. நீங்களே சொல்லுங்க, மணவறைக்குப் பூ கொண்டு போற வண்டி. தாலி கட்டுத இடத்துல வைக்கப் போற பூ. அத பொணம் கிடந்த இடத்துல கிடத்துவாங்களா? ராயப்பன் தலையத் தலைய ஆட்டுதாரு, வண்டிக்கு ஒரு குறையும் இல்லையே, கழுவினாப் போச்சுங்காரு. நான் நேரா வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிச்சேன். அந்த வண்டிய ஒரு பேக்கரிக்காரன் எடுத்தான். இன்னைக்கும் ஓடுது, நல்லாத்தான் ஓடுது. ரொட்டி வாங்குத சனத்துக்குத் தெரியாது. நான் மட்டும் அந்தக் கடை ரொட்டியத் தொடுததில்ல.

மூணாவதுதான் இந்தா நிக்கே, இது. ஆறுமுகநேரிப் பக்கம் சுயம்புலிங்கம்னு ஒரு உப்பு யாவாரி. பத்து வருஷமா இந்த வண்டியில உப்பு மட்டுந்தான் ஏத்தியிருக்காரு. வேற ஒண்ணும் இல்ல, உப்பு. அவரு அதச் சொன்ன உடனே எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. உப்புன்னா யாரு அண்ணாச்சி? மகாலட்சுமில்லா. புது வீடு குடி போனா மொதல்ல என்னத்தக் கொண்டு போறோம்? வெள்ளிக்கிழம மொதல் சாமான் என்னத்த வாங்குதோம்? பத்து வருஷம் லட்சுமி உக்காந்து வந்த வண்டி. திருஷ்டி அண்டாது, காத்து கருப்பு கிட்ட வராது. நம்பர் கூட்டினா ஆறு. நான் அந்த இடத்துலயே சரின்னுட்டேன்.

ராயப்பன் வழக்கம் போல அடியில படுத்தாரு. எந்திச்சு வந்து ஒரு பட்டியலே வாசிச்சாரு. உப்பு தரையத் தின்னுட்டு, தகடு அப்பளம் மாதிரி இருக்கு, சைலன்சர் குழாய் இத்துப் போச்சு, அது இது. பிடிக்காத வண்டியில குறையா இல்லாம இருக்கும்? அவருக்கு அந்தப் பிரேத வண்டி மேலதான் கண்ணு. அந்த ஆளுகிட்ட ஏதும் கமிஷன் பேசியிருப்பாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம், இன்னைக்கு வரைக்கும் இருக்கு. வாய விட்டுக் கேக்கவும் செஞ்சேன். மனுசன் ஒரு பார்வை பாத்தாரு, கையத் தொடச்சுக்கிட்டு பஸ் ஏறிப் போயிட்டாரு. அதுக்குப் பெறவு பேச்சில்ல.

போகட்டும், சவத்த விடுங்க. வண்டிய வீட்டுக்குக் கொண்டாந்து நானே எல்லா வேலையும் பாத்தேன். தரையில மூணு நாலு இடத்துல ரோடு தெரிஞ்சுது. தகரத்த வச்சு, மேல ரப்பர் பாய் விரிச்சேன். சைலன்சர் தொங்கினதக் கம்பி வச்சு இறுக்கிக் கட்டினேன், கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான். அதுக்கு மேலதான் நம்ம தொழில் வேலை. பூவுக்கு எமன் எது தெரியுமா அண்ணாச்சி? காத்து. ஓடுத வண்டியில காத்து பட்டா பிச்சி ஓரம் கருத்துரும், மல்லி மொட்டு மண்டபம் போறதுக்குள்ள விரிஞ்சு நிக்கும். அதனால பின்னாடி சன்னல் அத்தனையும் தெர்மோகோல் வச்சு, டேப்பு ஒட்டி, இண்டு இடுக்கெல்லாம் பட்டி பூசி அடைச்சேன். முன்னாடி எஞ்சின் சூடு பின்னாடி போகக்கூடாதுன்னு நடுவுல பிளைவுட் பலகை. ஈரச்சாக்க விரிச்சுக் கதவச் சாத்திட்டா, தோவாளையில எடுத்த பூ தூத்துக்குடியில எறக்கும்போது அப்பப் பறிச்ச மாதிரி இருக்கும். ஒரு எறும்பு உள்ள போக வழி கிடையாது. போயிப் பாக்கணும்னா பெறவு காட்டுதேன், இப்பப் பிள்ள உறங்குதா.

தை, மாசி, பங்குனி, மூணு மாசமும் ஓட்டமோ ஓட்டம். வண்டி வந்த வேளை, அப்படி ஒரு முகூர்த்தம் எனக்கு வாச்சதே இல்ல. ஆனா பாருங்க, நல்லது நடக்கும்போதுதான் கூட இருக்கவனுக்கு வயிறு எரியும். எங்க வீட்ல செண்பகம் இருக்காளே, எம் பொண்டாட்டி, அவளே மொதல்ல ஆரம்பிச்சா. முன்னெல்லாம் டெம்போவுல பின்னாடி உக்காந்து வழி நெடுகப் பூக் கட்டிக்கிட்டே வருவா. இந்த வண்டியில ரெண்டு தரந்தான் வந்தா. தலை வலிக்கிங்கா, குமட்டுதுங்கா. பூ வாசம் மண்டைக்கு ஏறியிருக்கும், புதுசா பூக்கடைக்கு வார ஆளுகளுக்கு அப்படித்தான் ஆவும்னேன். “இருபது வருஷமாப் பூக் கட்டுதேன், எனக்கா பூ வாசம் ஏறும்?”னு கேட்டா. எறங்கி அரை மணி நேரத்துல எல்லாம் சரியாப் போயிரும் அவளுக்கு. அப்படி என்ன வியாதி, வண்டியில இருந்தா வாரது, எறங்கினா போறது? வேலை செய்யச் சடைவு, வேற என்ன. இன்னைக்குங்கூட வளைகாப்பு முடிஞ்ச கையோட பஸ்ஸுல ஏறிப் போயிட்டா. மகளையும் பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னா. சம்பந்தகாரங்க முன்னால என் வண்டிய மட்டந் தட்டுத மாதிரி. நான் விடுவனா? என் மக என் வண்டியிலதான் வருவான்னுட்டேன்.

சித்திரையில எங்க சுடலைமாடன் கோயில்ல கொடைத் திருவிழா. ஒரு நல்ல சேவலாப் பாத்து, காலக் கட்டிப் பின்னாடி போட்டுட்டுப் போனேன். கோயில்ல கதவத் திறந்தா, சேவல் தலை தொங்கிக் கிடக்கு. உசிரில்ல. கூடி நின்ன சனம் ஒரு மாதிரி முணுமுணுத்துச்சு. பூசாரி நல்லவரு, சாமி பாதி வழியிலயே வந்து தன் பங்க எடுத்துக்கிட்டாருன்னுட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. எத்தன பேரு வண்டிய சாமி வழி மறிச்சு ஏறும் அண்ணாச்சி?

என்ன, டீயக் குடிக்காம வச்சிருக்கீங்க? ஆறிரும். குடிங்க, குடிங்க. மொத ரயில் இன்னும் வரல.

பலவேசம் கதையச் சொல்லலையே நான். அதுதான் எனக்குத் தீராத ஆத்திரம். பதினோரு வருஷம் என்கிட்ட வேலை பாத்தவன். தம்பி மாதிரி வச்சிருந்தேன். சித்திரை கடைசியில நாகர்கோவில்ல ஒரு கல்யாணம், விடிய நேரம் கிளம்பினோம். அவன் பின்னாடி, நான் முன்னாடி சன்னலத் திறந்து விட்டுட்டு நல்ல காத்து வாங்கிக்கிட்டு ஓட்டுதேன். மண்டபத்துல போயிக் கதவத் திறந்தா, சம்பங்கி மூட்டையில கன்னத்த வச்சுப் படுத்திருக்கான். முகமெல்லாம் செவந்து, உதடு வெத்தலை போட்ட மாதிரி. எழுப்புதேன், உலுக்குதேன், எந்திக்க மாட்டேங்கான். தண்ணியத் தெளிச்ச பெறவு கண்ணத் திறந்து அப்படியே பூ மேலயே வாந்தி எடுத்தான். ரெண்டு மூட்டை சம்பங்கி போச்சு.

கண்ணு மறுபடியும் சொருகிட்டுன்னு அங்கன ஒரு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனோம். மூக்குல ஆக்சிஜன் மாட்டினாரு. என்கிட்ட கேட்டாரு, இவரு எங்கயாவது புகைக்குள்ள இருந்தாரான்னு. ஆமா சார், ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி, நான் எவ்வளவோ சொல்லிட்டேன்னேன். அவரு அது இல்ல, அடைச்ச இடத்துல ஏதாவது புகைஞ்சுதா, அடுப்பு, ஜெனரேட்டர் அப்படின்னாரு. நாங்க சமையல்காரங்க இல்ல சார், பூக்காரங்கன்னு சொன்னேன். அவருக்கு வெளிய நிறைய கூட்டம், அதுக்கு மேல கேக்கல. மறுநாள் வரச் சொன்னாரு, பலவேசம் சரியாயிட்டான், நாங்க போகல.

ஆனா அதுக்குப் பெறவு வண்டியில ஏற மாட்டேன்னுட்டான். கையக் காலப் பிடிச்சேன், ஏசினேன், ஒண்ணுக்கும் மசியல. நம்ம எதிராளி ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட போயிச் சேந்துட்டான். சேந்ததோட விட்டானா? பூ மார்க்கெட் பூராவும் சொல்லித் திரியுதான், குத்தாலிங்கம் வண்டியில பேயி இருக்கு, ஆள அமுக்குதுன்னு. உப்பு இருந்த இடத்துல பேயி இருக்குமா அண்ணாச்சி? எந்த ஊர்ல கேட்டிருக்கீங்க? இருந்தாலும் ஊர் வாய்க்குப் பயந்து, பூசணிக்கா சுத்தி உடைச்சேன். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தினேன். மந்திரிச்ச கயிறு ஒண்ணு கண்ணாடியில தொங்குது, இங்க இருந்தே தெரியும் பாருங்க. செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சாச்சு. எம் மகள ஏத்துத வண்டிய நான் சும்மா விடுவனா?

முன் சீட்லயா? அது எப்படி முடியும், சீட்டுக்கு அடியிலதான எஞ்சினே இருக்கு. கொதிக்கும். பிள்ளத்தாச்சிக்குச் சூடு ஆகுமா? கலந்த சாதக் கூடையும் சீர்ப் பாத்திரமும் எல்லாம் முன்னாடி வச்சிட்டேன். பின்னாடி தரையில மெத்தைய விரிச்சு, ரெண்டு தலகாணி போட்டு, வளைகாப்புப் பூ கொஞ்சம் மிச்சம் இருந்ததையும் பக்கத்துல வச்சு, ராணி மாதிரி படுக்க வச்சிருக்கேன். ஒரு குலுக்கல் தெரியாது.

அவளும் அவ அம்மை மாதிரிதான், தொட்டாச்சிணுங்கி. கிளம்பி முக்கா மணி நேரம் இருக்கும், பலகையத் தட்டினா. நிப்பாட்டிக் கதவத் திறந்தேன். “அப்பா, தலை ரொம்ப வலிக்கு. கண்ணக் கட்டிட்டு வருது. நான் முன்னால வந்து உக்காரட்டா?”ன்னு கேட்டா. தல நிறைய மல்லி வச்சு விட்டிருக்காங்கல்லா, அந்தப் பாரம். ஒரு கலர் சோடா வாங்கிக் குடுத்தேன். கொஞ்ச நேரம் ரோட்டோரமா நின்னா, முகம் தெளிஞ்சுது. இந்தக் கதவக் கொஞ்சம் திறந்து கட்டி வச்சிட்டு ஓட்டக்கூடாதாப்பான்னா. கோட்டிப் பிள்ள, கதவத் திறந்து போட்டு ஓட்டினா உருண்டு விழுந்துர மாட்டியா? ஏழு மாச வயித்தோட இந்த உச்சி வேளையில காத்தும் படக்கூடாது. கொஞ்ச தூரந்தான் தாயி, கண்ண மூடிப் படுன்னு சொல்லிச் சாத்திட்டேன்.

அதுக்குப் பெறவும் தட்டினா. ரெண்டு தரம். ரெண்டாவது தரம் பைய, விரலால தட்டுத மாதிரி. இந்தக் கேட்டப் போடுததுக்குள்ள தாண்டிரணும்னு வந்தேன் அண்ணாச்சி, அதான் நிப்பாட்டல. தாண்டவும் முடியல. இங்க வந்து நின்ன பெறவு சத்தமே இல்ல. நல்ல தூக்கம்.

நான் திறந்து பாக்கலையான்னா கேக்கீங்க? தூங்குத பிள்ளய எதுக்கு எழுப்ப? என்ன அப்படிப் பாக்கீங்க?

ராயப்பனா? சைலன்சரப் பத்தி அவரு என்ன சொன்னாருன்னா? அதான் சொன்னேனே, இத்துப் போச்சுன்னாரு. வேறயா? வேற என்னமோ பயங்காட்டினாரு. கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு, “குத்தாலிங்கம், குழாய் உடைஞ்சு புகை நேரா உள்ள ஏறுது. இது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பின்னால ஆள ஏத்திராதீங்க, தூக்கத்துலயே கொண்டு போயிரும்.” நான் நம்பல. கண்ணுக்குத் தெரியாத புகை எங்கயாவது இருக்குமா? கமிஷன் போச்சேன்னு...

எங்க ஓடுதீங்க? அண்ணாச்சி. நில்லுங்க. கதவத் திறந்தா எந்திச்சிருவா. அட, சொல்லுதேன், அது அப்படித் திறக்காது, கைப்பிடியத் தூக்கி ஒரு இழு இழுக்கணும். தள்ளுங்க, நான் திறக்கேன்.

பாருங்க. பாத்தீங்களா? புகை எங்க இருக்கு? மல்லி வாசந்தான வருது. எப்படி உறங்குதா பாருங்க, கன்னமெல்லாம் செவந்து. நீங்க வீணா... ஏட்டி வடிவு. ஏ வடிவு. கேட்டு போட்டிருக்கு தாயி, கொஞ்ச நேரம் எறங்கி நிக்கியா? வடிவு.

அண்ணாச்சி, அப்படி இழுக்காதீங்க. வயித்துப் பிள்ளக்காரி. தலை, தலையப் பிடிங்க. அந்த மரத்தடிக்கா? சரி, சரி, காத்துல கிடத்துங்க. டீக்காரரே, தண்ணி கொண்டாங்க, கொஞ்சம் வெரசா. ஏம்மா, கையப் பிடிச்சுத் தூக்கினா அப்படியே துவளுதே. இத்தன வளையலும் முழங்கைக்கு வந்துட்டே. வடிவு, அப்பா வந்திருக்கேன். கண்ணத் திற. அப்பா இனிமே முன்னாலயே உக்கார வைக்கேன், கண்ணத் திறம்மா.

நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டீங்களா? எத்தன நிமிசம்னான்? கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துல்லா வரணும். கீப்பர்கிட்டச் சொல்லுங்க, யாராவது ஓடிப்போயிச் சொல்லுங்க. என் பிள்ள, எம் பிள்ளயோட பிள்ள, ரெண்டு உசிரு அண்ணாச்சி.

மூணு தரம் தட்டினா. மொதத் தரம் நின்னேன். நின்னேன்லா? ரெண்டாவது தரம் எனக்குக் கேட்டுச்சு. கேக்கலைன்னு சொல்ல மாட்டேன், நல்லாக் கேட்டுச்சு. மூணாவதும் கேட்டுச்சு. நான்தான் நிக்கல.

நான் கைய வச்சுப் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. நீங்க பாருங்க. மூக்குல விரல வச்சுப் பாருங்க அண்ணாச்சி. நெஞ்சுல காத வச்சுக் கேளுங்க. ஏன் இன்னும் காத எடுக்கல? இருக்குன்னு சொல்லுங்க. ஒரு வார்த்த, இருக்குன்னு சொல்லுங்க.